ஒரு சதுர அடித் தோல்

சதுர அடி என்றால் நமக்கு மனை விலைதான் நினைவுக்கு வரும். அமெரிக்கப் படையிலிருந்து வெளியே வந்த ஒரு பெண்ணுக்கு அது அவளுடைய தோலின் அளவு. அந்நாட்டின் முன்னாள் படைவீரர் நலத்துறையிடம் உடற்குறைகளுக்கான ஒரு விலைப்பட்டியல் இருக்கிறது. பணியின்போது ஏற்பட்ட ஒவ்வொரு குறைக்கும் ஓர் எண், ஒவ்வொரு எண்ணுக்கும் சில சதவீதங்கள், சதவீதத்துக்கு ஏற்ப மாதாந்தர இழப்பீடு. தழும்புகளுக்கான எண்கள் 7800 முதல் 7805 வரை. இவற்றில் 7802 என்பது தலை, முகம், கழுத்து தவிர்த்த இடங்களில், தோலுக்கு அடியிலுள்ள மென்திசுவைச் சேதப்படுத்தாத தழும்புகளுக்கானது. அதற்கு 10 சதவீதம் கிடைக்க வேண்டுமானால் தழும்பு குறைந்தது 144 சதுர அங்குலம் இருக்க வேண்டும். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அங்குலம், சரியாக ஒரு சதுர அடி. மெட்ரிக் கணக்கில் 929 சதுர சென்டிமீட்டர்.

படைப்பணியில் இருக்கும்போதே பிள்ளை பெற்ற ஒரு பெண்ணின் சிசேரியன் தழும்பை எடுத்துக்கொள்வோம். 15 சென்டிமீட்டர் நீளம், ஒரு சென்டிமீட்டர் அகலம் என்று தாராளமாகவே வைத்தாலும் 15 சதுர சென்டிமீட்டர்தான். 7802இன் வாசலைத் தொட அப்படிப்பட்ட தழும்புகள் 62 வேண்டும். அடித்திசுவும் சேதமடைந்தது என்று அவள் நிரூபித்தால் 7801 என்ற எண்ணுக்குப் போகலாம். அங்கே நுழைவுக் கட்டணம் 39 சதுர சென்டிமீட்டர். அதிலும் அவள் பாதிகூடத் தேற மாட்டாள். ஆகவே கடிதம் வரும்: உங்கள் தழும்பு பணியால் ஏற்பட்டதென ஏற்கிறோம், மதிப்பீடு 0 சதவீதம்.

இதைப் படிக்கும் தோழிகளில் சிலர் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் குண்டு போட்ட படையில் சம்பளம் வாங்கியவளுக்குப் பணம் குறைந்தால் நமக்கென்ன? ஃபலூஜாவின் பெண்களுடைய தழும்புகளுக்கு எந்தப் பட்டியலில் எந்த எண்? நியாயமான கேள்வி. அந்தப் பெண்களுக்கு எண்ணே கிடையாது. அதை மறந்துவிட்டு எழுதப்படும் எந்தக் கட்டுரையும் பொய்யானது. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவதை நான் ஏற்கவில்லை. கல்லூரிக் கட்டணத்துக்காகவும் மருத்துவக் காப்பீட்டுக்காகவும் பட்டாளத்தில் சேரும் பெண்கள் யார் என்று பாருங்கள். அமெரிக்க மக்கள்தொகையில் கறுப்பினப் பெண்களின் பங்கைவிட, படையிலுள்ள பெண்களில் அவர்களுடைய பங்கு மிக அதிகம். போரைத் தீர்மானித்தவர்கள் அவர்கள் அல்லர். இன்னொன்றும் உண்டு. மற்ற இடங்களில் அரசு பெண்ணுடலைப் பற்றி மழுப்பலாகப் பேசும். இங்கே எண்ணாலும் தசமப் புள்ளியாலும் பேசுகிறது. தனது சீருடையையே அணிந்த பெண்ணை அது எந்த உடலை மாதிரியாக வைத்து அளக்கிறது என்பது இந்தப் பட்டியலில் அச்சாகிக் கிடக்கிறது. இவ்வளவு வெளிப்படையான ஆவணத்தைப் படிக்காமல் விடுவது நமக்குத்தான் நட்டம்.

முகத் தழும்புக்கான 7800லிருந்து தொடங்கலாம். 2002 ஆகஸ்ட் வரை இந்த விதி தழும்பை அளக்கவில்லை, பார்த்து முகம் சுளித்தது. இலேசானது, மிதமானது, கடுமையானது என்று படிகள். மேல்படியில் இருந்த ஆங்கிலச் சொல்லைத் தமிழில் சொன்னால் ‘அருவருப்பூட்டும்’ என்று வரும். முகத்தின் ஒரு பக்கம் முழுமையாகவோ மிகையாகவோ அருவருப்பூட்டும் வகையில் உருக்குலைந்திருந்தால் 50 சதவீதம். யாருக்கு அருவருப்பு? மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அதிகாரிக்கு. ஒரு பெண் தன் முகம் அருவருப்பானது என்று எழுதிக் கையெழுத்திட்டு, மேல்முறையீட்டில் இன்னும் அருவருப்பானது என்று வாதாடி, அதற்குப் பரிசாகக் கூடுதல் சதவீதம் பெற வேண்டும். பெண் பார்க்கும் படலத்தைத் தலைகீழாக்கியது போன்ற ஏற்பாடு. அங்கே அழகுக்கு மதிப்பெண், இங்கே அழகின்மைக்கு. மதிப்பெண் போடுகிறவர் மட்டும் மாறவில்லை.

2002இல் அந்தச் சொற்கள் போய் எட்டு அடையாளங்கள் வந்தன. 13 சென்டிமீட்டருக்குக் குறையாத நீளம், 0.6 சென்டிமீட்டருக்குக் குறையாத அகலம், தடவினால் மேடாகவோ பள்ளமாகவோ இருப்பது, அடித்திசுவோடு ஒட்டியிருப்பது, 39 சதுர சென்டிமீட்டருக்கு மேல் நிறம் மாறியிருப்பது என்று நீளும் பட்டியல். ஓர் அடையாளம் இருந்தால் 10, இரண்டோ மூன்றோ இருந்தால் 30, நான்கோ ஐந்தோ என்றால் 50, ஆறும் அதற்கு மேலும் என்றால் 80. இது முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. அதிகாரியின் சுளிப்பைவிட அளவுகோல் நேர்மையானது. ஆனால் விதியின் கீழேயே ஒரு குறிப்பு இருக்கிறது: திருத்தப்படாத வண்ணப் புகைப்படங்களைக் கணக்கில் கொள்ள வேண்டும். அந்தப் படத்தை எடுப்பவர் யார், கோப்பில் எத்தனை பேர் அதைப் பார்ப்பார்கள், தழும்பு முகத்தில் இருப்பதற்குக் காரணமானவன் அதே முகாமில் இன்னும் பதவியில் இருந்தால் என்ன என்பதையெல்லாம் அந்தக் குறிப்பு கேட்பதில்லை.

கழுத்துக்குக் கீழே வந்தால் நிலைமை இன்னும் தெளிவு. தசைக் காயங்களுக்கான பகுதியைப் படித்துப் பாருங்கள். தோட்டா ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறியதா, அது சிறியதும் வேகமானதுமா, பெரியதும் மெதுவானதுமா, சிதறல்கள் தங்கினவா, சீழ் பிடித்ததா, எத்தனை நாள் மருத்துவமனையில் கிடந்தார் என்று அவ்வளவு கரிசனத்தோடு எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்கள் அந்தக் காயத்தை மதித்தார்கள். தோலையும் கொழுப்பையும் தசையுறையையும் வயிற்று உள்ளுறையையும் கடந்து கருப்பைவரை போகும் கத்தியின் பாதைக்கு அப்படி ஒரு வரிகூடக் கிடையாது. இன்னும் ஒரு கூத்து. 2008 முதல் 2018 வரை 7801, 7802 இரண்டும் ‘நேர்கோட்டில் இல்லாத’ தழும்புகளுக்கு மட்டுமே பொருந்தின. அறுவைக் கத்தி நேராகத்தானே கீறும்? ஆக, அந்தப் பத்தாண்டுகள் சிசேரியன் தழும்பு அளவில் தோற்கவில்லை, அளக்கவே படவில்லை. 2018 ஆகஸ்டில் அந்தச் சொல்லை எடுத்தார்கள். ஒரு சதுர அடியை எடுக்கவில்லை.

பிள்ளைப்பேறு பற்றி இந்த அரசு பேசியவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் கோபம் வருகிறது. 1951இல் அதிபர் ட்ரூமன் பிறப்பித்த 10240ஆம் ஆணை, கருவுற்ற பெண்ணைப் படையிலிருந்து வெளியேற்ற அனுமதித்தது. பெற்றால்தான் என்றில்லை, சிறு குழந்தைக்கு மாற்றாந்தாய் ஆனாலும் வெளியேற்றலாம். 1970இல் வியட்நாமில் பணியிலிருந்த விமானப்படைச் செவிலியர் கேப்டன் சூசன் ஸ்ட்ரக்கிடம், ஒன்று கருவைக் கலை, இல்லை வேலையை விடு என்றார்கள். ரூத் பேடர் கின்ஸ்பர்க் அந்த வழக்கை உச்ச நீதிமன்றம்வரை கொண்டுபோனார். விசாரணைக்கு முன்பே விமானப்படை பின்வாங்கியதால் தீர்ப்பு வராமலே போனது. (தொலைதேசத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். இந்திய ராணுவச் செவிலியர் பணியில் 1988இல் திருமணம் செய்துகொண்டதற்காக நீக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு 60 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி நம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2024இல்.) அப்போது கருப்பை இருந்தாலே பணிக்குத் தகுதியில்லை. இப்போது அதே அரசின் விதிப் புத்தகம் சொல்கிறது: கருவுறுதலும் பிள்ளைப்பேறும் உடற்குறைகள் அல்ல, மருத்துவ அல்லது அறுவைச் சிக்கல்களின் நீடித்த எச்சங்கள் மட்டும் உடற்குறையாகலாம்.

கருவுறுதல் குறையல்ல என்பதை நாமும்தான் சொல்கிறோம். ஆனால் வெளியேற்றுவதற்குக் குறை, இழப்பீட்டுக்குக் குறையல்ல என்று ஒரே வாய் இரண்டு காலத்தில் இரண்டு விதமாகப் பேசும்போது, அரசு எதைச் சொன்னால் அதற்குச் செலவு குறைகிறதோ அதையே சொல்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

எச்சங்கள் என்றால் எவை? சிசேரியன் ஆன பெண்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கீறலைச் சுற்றி மரத்துப்போன ஒரு பட்டை, மழை நாளில் இழுக்கிற மாதிரி ஒரு வலி, பாவாடை நாடாவோ ஜீன்ஸ் பட்டையோ உரசினால் சுருக்கென்று ஒரு குத்து, சிலருக்குத் தடித்துப்போன கெலாய்டு, அதில் ஓயாத அரிப்பு. கறுப்புத் தோலில் கெலாய்டு அதிகம் வரும். இந்தப் பெண் பத்துக் கிலோ தடுப்புக் கவசத்தின் இடுப்புப் பட்டையை அதே இடத்தில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடியிருக்கிறாள். மரத்துப்போவதற்குப் பட்டியலில் எண் இருக்கிறதா என்று தேடினால், அடிவயிற்றில் ஓடும் நரம்புக்கு 8530 கிடைக்கிறது. இலேசான பாதிப்பும் மிதமான பாதிப்பும் 0. கடுமையானதும் முழுச் செயலிழப்பும் 10. அதற்கு மேல் படியே கிடையாது. அந்த நரம்பு முற்றாக அறுந்துபோனாலும் 10தான்.

மிஞ்சுவது 7804. நிலையற்ற தழும்பு, அதாவது மேல்தோல் அடிக்கடி உரிந்துபோவது, அல்லது வலிக்கும் தழும்பு. ஒன்றோ இரண்டோ இருந்தால் 10 சதவீதம், மூன்று நான்குக்கு 20, ஐந்தும் அதற்கு மேலும் 30. பரப்பளவுக் கணக்கு இல்லாத ஒரே கதவு இது. 2025இல் இந்த 10 சதவீதம் என்பது மாதம் 175 டாலர் 51 சென்ட். இந்தக் கதவைத் திறக்கும் சாவி ஒரே ஒரு சொல்: வலி. அதைப் படிவத்தில் குறிப்பவர் அவள் அல்ல, பரிசோதகர். இப்போது பெரும்பாலான பரிசோதனைகளை ஒப்பந்தத் தனியார் நிறுவனங்கள் செய்கின்றன. அவளை அதற்கு முன்பும் பார்த்திராத, அதற்குப் பின்பும் பார்க்கப்போகாத ஒருவர், நாடாவை வைத்து அளந்து, விரலால் அழுத்தி, ஆம் அல்லது இல்லை என்று குறிக்கிறார். பழைய விதியில் வலி ‘புறவயமாக மெய்ப்பிக்கப்பட’ வேண்டியிருந்தது. பரிசோதகரின் விரல் பட்டதும் அவள் துள்ள வேண்டும். பின்னர் ‘பரிசோதனையில் வலிக்கும்’ என்று மாறியது. 2008இல் வெறும் ‘வலிக்கும்’ என்றாயிற்று. சட்டம் வலியை அவளிடமே திருப்பிக் கொடுக்க அவ்வளவு காலம் ஆனது. பரிசோதனை அறையில் பலருடைய விரலில் பழைய விதிதான் இன்னும் இருக்கிறது.

பெண்கள் அந்த அறையில் என்ன செய்கிறோம்? வலிக்கிறதா என்று கேட்டால், பரவாயில்லை என்கிறோம். பிரசவ வலியைப் பொறுத்தவள்தான் பெண் என்று சொல்லி வளர்க்கப்பட்டோம். அந்தப் பெண்ணோ அதற்கு மேல் பட்டாளத்திலும் பயின்றவள், வலி என்று வாய் திறந்தால் சக வீரர்கள் சிரிப்பார்கள் என்று கற்றவள். இரண்டு பள்ளிகளும் சேர்ந்து அவளைப் ‘பரவாயில்லை’ என்று சொல்லவைக்கின்றன. அந்த ஒரு சொல் கோப்பில் ‘வலி இல்லை’ என்று ஏறுகிறது.

வலியைத் தனியாக ஒரு குறையென்று ஏற்கவே நீதிமன்றங்களுக்கு மனம் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நோய்க்காரணம் கண்டறியப்படாத வெறும் வலி உடற்குறையாகாது என்று 1999இல் ஒரு தீர்ப்பு வந்தது. பத்தொன்பது ஆண்டுகள் அது நின்றது. 2018 ஏப்ரலில் ‘சாண்டர்ஸ் எதிர் வில்கி’ வழக்கில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், செயல்பாட்டைக் குறைக்கும் வலி அதுவாகவே உடற்குறை என்று சொன்னது. வழக்காடியவர் தரைப்படையில் பணியாற்றிய ஒரு பெண், முழங்கால் வலிக்காக. அவருடைய முழங்கால் தழும்புள்ளவர்களுக்கும் பயன்படும்: எதுவும் தெரியவில்லையே என்ற பதில் இனி முழுப் பதிலாகாது.

மார்பகத்துக்கு வருவோம், சுருக்கமாக. 7626ஆம் எண்ணின்படி மார்பக அறுவையில் அளவோ வடிவமோ குறிப்பிடத்தக்க வகையில் மாறவில்லையென்றால் 0. கத்தி போனதும் தையல் போட்டதும் கணக்கில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வடிவம் மாறித் தெரிகிறதா என்பதே கேள்வி. விரை இழந்த ஆணுக்கு, சதவீதத்துக்கு மேலே தனியாக ஒரு சிறப்புத் தொகை நெடுங்காலமாக உண்டு. மார்பகம் இழந்த பெண்ணுக்கு அதே தொகை சட்டத்தில் வந்தது 2000ஆம் ஆண்டில்தான்.

இதுவரை சொன்ன பெண்களிடம் காகிதமாவது இருக்கிறது. ராணுவ மருத்துவமனையிலேயே அறுவை நடந்ததால் பதிவு இருக்கும். காகிதமே இல்லாத தழும்புகளை என்ன செய்வது? மேலதிகாரியோ சக வீரனோ செய்த வன்முறையில் உடைந்த உதடு, சிகரெட் சுட்ட தொடை. இவற்றை யாரிடம் போய்ப் பதிந்திருப்பாள்? அதே முகாம் மருத்துவரிடமா, அந்த மேலதிகாரியின் மேலதிகாரியிடமா? முறையிடப்படாத பாலியல் தாக்குதல் பற்றிப் பணிப்பதிவில் எதுவும் இல்லை என்பது, அது நடக்கவில்லை என்பதற்குச் சான்றாகாது என்று அதே கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது 2013இல். படைப்பாலியல் வன்முறையால் வந்த மனவடுவுக்கான கோரிக்கைகளில் மறுக்கப்பட்டவற்றை 2018இல் நலத்துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் ஆராய்ந்தபோது, ஏறத்தாழப் பாதி விதிப்படி கையாளப்படவில்லை என்று தெரிந்தது. எதிர்க்கட்சி சொன்ன கணக்கில்லை இது, அரசின் சொந்தத் தணிக்கை.

போர்க்களத்தில் காயம்பட்டவர்களுக்குச் சட்டம் ஒரு சலுகை தருகிறது. போரில் ஈடுபட்டவர் என்று நிறுவப்பட்டால், மருத்துவப் பதிவு இல்லாவிட்டாலும் அவருடைய சொல்லையே சான்றாக ஏற்கலாம். நல்ல விதி, குண்டு விழும் இடத்தில் யார் சீட்டு எழுதுவார்கள்? ஆனால் 2013 ஜனவரிவரை தரைப்போர்ப் பிரிவுகளில் பெண்களுக்கு இடமில்லை என்பது அதிகாரபூர்வக் கொள்கை. ஈராக்கில் வீடுவீடாகச் சோதனைக்குப் போன ஆண்களோடு, ஈராக்கியப் பெண்களைச் சோதிக்க இவர்களைத்தான் அனுப்பினார்கள். அதே தெருவில் அதே சூடு இவர்கள் மீதும் விழுந்தது. காகிதத்தில் மட்டும் அந்தப் பிரிவில் ‘நியமிக்கப்பட்டவர்கள்’ அல்லர், ‘இணைக்கப்பட்டவர்கள்’. போரில் இல்லாதவள் போர்க்காயத்தை நிரூபிப்பது எப்படி?

தழும்பு கண்ணெதிரே இருந்தும் நம்ப மறுக்கும் அரசுகளைத் தமிழர்கள் நன்றாக அறிவோம். பிரிட்டனில் தஞ்சம் கேட்ட ஓர் ஈழத்தமிழரின் முதுகிலும் கையிலும் பழுக்கக் காய்ச்சிய கம்பியின் சூட்டுத் தழும்புகள் இருந்தன. தஞ்சம் கிடைப்பதற்காக அவரே சொல்லி யாரையோ சூடு போடவைத்திருக்கலாம் என்று தீர்ப்பாயம் முடிவெடுத்தது. 2019 மார்ச்சில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்யும்வரை ஆண்டுகள் ஓடின. ஊரில் இருக்கும் முன்னாள் போராளிப் பெண்களுக்கோ, உடம்பில் தங்கிய சன்னத்தின் தழும்பு எந்த அரசிடமும் காட்ட முடியாத பொருள், முழுக்கை சட்டையால் மறைக்க வேண்டிய பொருள். அவர்களுக்கும் அமெரிக்கப் படையின் கறுப்பினச் செவிலிக்கும் ஒரே அரசியல் என்று நான் சொல்ல வரவில்லை. தழும்பைப் படிக்கும் அதிகாரம் தழும்புள்ளவளிடம் இல்லை என்பது இரண்டு இடத்திலும் உண்மை.

இனி எதிர்த்தரப்பின் பேச்சு. சிசேரியனுக்கெல்லாம் இழப்பீடு கேட்பது போரில் காலிழந்தவர்களை அவமதிப்பது என்கிறார்கள். பெண்களே சிலர் சொல்வதுண்டு. இவர்களிடம் ஒன்றைக் கேட்கிறேன். முகாமுக்குள் ஞாயிற்றுக்கிழமை கூடைப்பந்து ஆடி முழங்கால் திருகிக்கொண்ட ஆணுக்கு இதே சட்டத்தின் கீழ் இழப்பீடு உண்டே, அது யாரை அவமதிக்கிறது? பணிக்காலத்தில் வந்ததா என்பதுதான் சட்டத்தின் கேள்வி, குண்டால் வந்ததா என்பதல்ல. ஆணின் உடல் பணிக்காலம் முழுக்கப் பணியில் இருக்கிறது, விளையாடும்போதும். பெண்ணின் உடல் மட்டும் பெறும்போது திடீரென்று விடுப்பில் போய்விடுகிறது.

பரப்பளவு வாசல் தீக்காயங்களுக்காக எழுதப்பட்டது, அதை அறுவைத் தழும்புகளுக்கு நீக்க வேண்டும். மரத்துப்போவதும் அரிப்பும் இழுப்பும் வலிக்குச் சமமாகக் கணக்கிடப்பட வேண்டும். படிவத்தில் பரிசோதகர் குறிப்பதற்கு முன்னால் அவள் தன் கையால் எழுத ஒரு பக்கம் வேண்டும், அவளுக்கு வேண்டுமென்றால் பரிசோதகர் பெண்ணாக இருக்க வேண்டும். இவற்றில் எதுவும் கருவூலத்தைக் காலிசெய்யாது.

அதுவரை, 0 சதவீதக் கடிதத்தைக் கிழித்துப் போடாதீர்கள் என்றுதான் அந்நாட்டுப் பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும். பூஜ்யம் என்றாலும் அது பணியால் வந்தது என்ற ஒப்புதல். அந்தத் தழும்புக்கு நலத்துறை மருத்துவமனையில் சிகிச்சை கேட்கலாம், வலி கூடினால் மறுமதிப்பீடு கேட்கலாம். வேலை செய்வதை வெளிப்படையாகத் தடுக்கும் இரண்டு பூஜ்யங்கள் சேர்ந்தால் 10 சதவீதம் தர ஒரு விதிகூட இருக்கிறது. ஓராண்டுக்குள் முறையிட வேண்டும். 2019 பிப்ரவரி முதல் அதற்கு மூன்று வழிகள். புதுச் சான்றோடு துணைக் கோரிக்கை, மூத்த அதிகாரியின் மறுஆய்வு, மேல்முறையீட்டு வாரியம். மூத்த அதிகாரி என்றதும் அவராவது தழும்பைப் பார்ப்பார் என்று நம்பி நடு வழியில் போய்விடக் கூடாது. அதில் புதுச் சான்று எதையும் சேர்க்க முடியாது. அவர் பார்ப்பது ‘வலி இல்லை’ என்று குறித்த அந்தப் பழைய படிவத்தைத்தான்.